அமெரிக்கப் பாலைவனத்தில் வசந்தகால பேக்பேக்கிங்: தேதிக்கு முன்னாடி தண்ணீரை முடிவு பண்ணுங்க!

அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குரூப்களில் குளிர்காலத்திலேயே இந்த மெசேஜ் வந்துவிடும்: ‘ஏப்ரல்ல கிராண்ட் கேன்யன்ல கீழ ஆறு வரைக்கும் இறங்கி, டென்ட் போட்டுத் தங்கலாமா?’ உடனே பத்து தம்ஸ்அப் விழும். அப்புறம் லீவு, ஃப்ளைட் டிக்கெட், வாடகை கார், புது ஷூ என்று பேச்சு ஓடும். வழியில் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

டென்ட், ஸ்லீப்பிங் பேக், அடுப்பு, சாப்பாடு எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டு, இரண்டு மூன்று நாள் நடந்து, காட்டுக்குள்ளேயே தங்கி வருவதுதான் பேக்பேக்கிங். மலைப்பகுதி என்றால் ஏதாவது ஓடை குறுக்கே வரும், பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம். அரிசோனா, யூட்டா, கிழக்கு கலிஃபோர்னியா என்று விரிந்து கிடக்கும் தென்மேற்குப் பாலைவனத்தில் கதையே வேறு. வரைபடத்தில் நீலக் கோடு இருக்கும்; நேரில் போனால் வெறும் மணல் கிடக்கும். அதனால் இங்கே எந்த மாதம், எந்தப் பாதை, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற மூன்றையும் தண்ணீர்தான் தீர்மானிக்கிறது.

பாலைவனம் என்றதும் ஒட்டகமும் மணல் மேடும் மனசில் வந்தால் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிடுங்கள். இது பாறை தேசம். சிவப்புப் பாறை இடுக்குகள், கள்ளிச் செடிகள், மேலே போனால் பைன் மரங்கள். மார்ச் மாதத்தில் பனிகூட இருக்கும்.

ஏன் வசந்தகாலம்?

கோடையில் கிராண்ட் கேன்யனின் அடிவாரம் அடுப்பு மாதிரி. ஜூன் மாத சராசரி உச்ச வெப்பநிலையே 38 டிகிரி செல்சியஸைத் தொடும், ஜூலையில் 41. ஜூன் பாதியில் இருந்து செப்டம்பர் வரை மழைப் பருவம். அப்போது குறுகிய பாறை இடுக்குகளில் திடீர் வெள்ளம் வரும். 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆன்ட்டிலோப் கேன்யனில் 11 பேர் இப்படித்தான் இறந்தார்கள். மழை பெய்தது அவர்கள் நின்ற இடத்தில் அல்ல, பல மைல் தள்ளி.

இந்த இரண்டுக்கும் முன்னால் இருக்கும் ஜன்னல்தான் மார்ச் முதல் மே தொடக்கம் வரை. குளிர்கால மழையும் பனியும் விட்டுச் சென்ற நீர் சுனைகளிலும் சிற்றோடைகளிலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். பாறைக் குழிகளில் மழைநீர் தேங்கி இருக்கும். மே தாண்டினால் இவற்றில் பல வற்றிவிடும். ஆக, வசந்தகாலத்தைத் தேர்வு செய்ய இதமான வெயில் பாதிக் காரணம், மிச்சமிருக்கும் தண்ணீர் மீதிக் காரணம்.

ஆனால் ‘வசந்தம்’ என்ற ஒற்றை வார்த்தையை நம்பி பேக் கட்டக் கூடாது. கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், கிட்டத்தட்ட நம்ம கொடைக்கானல் உயரத்தில் இருக்கிறது. அடியில் ஓடும் கொலராடோ ஆறு சுமார் 750 மீட்டரில். ஏப்ரலில் விளிம்பில் சராசரியாகப் பகலில் 15 டிகிரி, இரவில் 0. அதே நாளில் ஆற்றங்கரையில் பகலில் 28, இரவில் 13. மார்ச்சில் மேலே இரவில் மைனஸ் 4. மேயில் கீழே பகலில் 33. ஒரே நாளில் இரண்டு பருவங்களைக் கடக்கிறீர்கள்.

இதனால் ஏற்படும் ஒரு விசித்திரம்: மார்ச் மாதம் கிளம்பினால் பாதையின் மேல்பகுதி பனிக்கட்டி படிந்து வழுக்கும். ஷூவுக்கு அடியில் மாட்டும் முள்பட்டை தேவைப்படலாம். மூன்று மணி நேரம் கழித்து, அதே ஆள் சட்டையை நனைத்துப் போட்டுக்கொண்டு நிழல் தேடுவார்.

கணக்கை இப்படிப் போடுங்கள்

பாலைவன நடைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன். அதாவது சுமார் 4 லிட்டர். குடிக்க, சமைக்க எல்லாம் சேர்த்து. வெயில் ஏறினால் இன்னும் கூடும்.

ஒரு லிட்டர் ஒரு கிலோ. கணக்கின் கஷ்டம் இங்கேதான் தொடங்குகிறது. கலிஃபோர்னியாவின் ஜாஷுவா ட்ரீ தேசியப் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். வசந்தத்தில் பூக்கள் அட்டகாசமாக இருக்கும், லாஸ் ஏஞ்சலஸில் இருந்து பக்கம். ஆனால் உள்ளே நம்பிப் போகக்கூடிய நீர்நிலை எதுவுமே இல்லை. மூன்று நாள் நடை என்றால் 12 லிட்டர், 12 கிலோ, தண்ணீர் மட்டும். டென்ட், சாப்பாடு எல்லாம் அதுக்கு மேல. முதல் தடவை போகிறவர் இதைத் தூக்கிக்கொண்டு நடந்தால் இரண்டாம் நாள் காலையிலேயே ‘வீட்டுக்குப் போலாம்’ என்பார். அங்கே ஓர் இரவு போதும்.

எனவே பாதையைத் தேர்ந்தெடுத்ததும், அதில் நிச்சயமாகத் தண்ணீர் கிடைக்கும் இடங்களை மட்டும் வரைபடத்தில் குறியுங்கள். ‘பருவகால நீர்’ என்று போட்டிருந்தால் அதை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எத்தனை மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் எத்தனை லிட்டர் தூக்க வேண்டும் என்று பாருங்கள். தங்கும் இடங்கள் தானாகவே முடிவாகிவிடும்.

சுனை இருக்கிறதா என்று மூன்று வருஷத்துக்கு முந்தைய யூடியூப் வீடியோவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்தப் பூங்காவின் பேக்கன்ட்ரி அலுவலகத்துக்கு, கிளம்பும் வாரத்தில் ஒரு போன் போடுங்கள். ரேஞ்சர்கள் பொறுமையாகச் சொல்வார்கள்.

இருக்கிற தண்ணீர் எல்லாம் குடிக்கிற தண்ணீர் இல்லை

கிராண்ட் கேன்யனில் ஹார்ன் க்ரீக் என்று ஓர் ஓடை உண்டு. பார்க்கத் தெளிவாக இருக்கும். மேலே இருக்கும் ஆர்ஃபன் என்ற பழைய யுரேனியச் சுரங்கத்தின் பாதிப்பால் அதில் கதிரியக்கம் இருக்கிறது. வேறு வழியே இல்லை, உயிர் போகிறது என்றால் தவிர அதைக் குடிக்காதீர்கள் என்கிறது பூங்கா நிர்வாகம். இதை எந்த ஃபில்டரும் சரிசெய்யாது.

யூட்டாவின் ஸயான் தேசியப் பூங்காவில் வேறு பிரச்சினை. அங்கே வர்ஜின் ஆற்றில் நச்சை உண்டாக்கும் சயனோபாக்டீரியா 2020-ல் கண்டறியப்பட்டது. அந்த நச்சையும் சாதாரண ஃபில்டர் நீக்காது.

2022 வசந்தத்தில் கிராண்ட் கேன்யனில் படகில் போனவர்களும் நடந்து போனவர்களும் வாந்தி, வயிற்றுப்போக்கால் கொத்துக் கொத்தாகப் பாதிக்கப்பட்டார்கள். காரணம் நோரோவைரஸ். பேக்பேக்கர்கள் பரவலாகப் பயன்படுத்தும் கையடக்க ஃபில்டர்கள் பாக்டீரியாவைத் தடுக்கும். வைரஸ் அதைவிட மிகச் சிறியது, தப்பித்துவிடும். எனவே வடிகட்டிய பிறகு கொதிக்க வைப்பது அல்லது குளோரின் போடுவது என்று இரண்டாவது படி ஒன்று வேண்டும். சானிடைசர் நோரோவைரஸுக்கு எதிராக அவ்வளவு வேலை செய்யாது, சோப்பு போட்டுக் கை கழுவுவதுதான் நல்லது.

கொலராடோ, பரியா போன்ற ஆறுகளில் தண்ணீர் இருக்கும், ஆனால் பல நாட்களில் சேறு. நேராக ஃபில்டரில் விட்டால் பத்து நிமிஷத்தில் அடைத்துக்கொள்ளும். ஒரு மடக்கு வாளியில் பிடித்து இரவு முழுக்க தெளியவிட்டு, காலையில் மேல்நீரை மட்டும் எடுக்க வேண்டும். அவசரம் என்றால் படகுக்காரர்கள் கொஞ்சம் படிகாரம் போடுகிறார்கள். ஆமாம், நம் வீடுகளில் கலங்கின கிணற்றுத் தண்ணீரில் போட்ட அதே படிகாரம்தான். அங்கே ஊறுகாய் போடுவதற்காக மளிகைக் கடைகளில் விற்கிறது.

முதல் தடவைக்கு எந்தப் பாதை?

என் சிபாரிசு நேரடியானது: கிராண்ட் கேன்யன், இரண்டு இரவுகள், ஏப்ரல் முதல் பாதி. சவுத் கைபாப் பாதையில் இறங்கி, பிரைட் ஏஞ்சல் பாதையில் ஏறி வருவது. ‘எல்லாரும் போறதுதானே’ என்று சலித்துக்கொள்ள வேண்டாம். கூட்டம் இருப்பதும், ரேஞ்சர் இருப்பதும், குழாய் இருப்பதும் முதல் தடவைக்கு நல்லதுதான்.

சவுத் கைபாப் சுமார் 11 கிலோமீட்டரில் 1,450 மீட்டர் இறங்குகிறது. வழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, நிழலும் குறைவு. அதனால்தான் அதை இறங்குவதற்கு மட்டும் வைத்துக்கொள்வது. முதல் இரவு ஆற்றங்கரையில் உள்ள பிரைட் ஏஞ்சல் முகாம். மறுநாள் பாதி ஏறி ஹவசுபாய் கார்டன்ஸ் முகாம். மூன்றாம் நாள் காலை மீதி ஏற்றம். ஒரே நாளில் ஏறிவிடலாம் என்று குரூப்பில் யாராவது வீரம் பேசுவார்கள். முழங்கால் அவருடையது மட்டும் இல்லை என்று சொல்லுங்கள். மலைக்குப் போனால் முதலில் ஏற்றம், களைத்த பிறகு இறக்கம். கேன்யனில் தலைகீழ். சுலபமான பாதி முதலில் வருகிறது. இறங்கியதைப் போல இரண்டு மடங்கு நேரம் ஏறுவதற்கு ஒதுக்குங்கள்.

பிரைட் ஏஞ்சல் பாதையிலும் எல்லாக் குழாய்களும் எப்போதும் ஓடுவதில்லை. மேல்பகுதியில் உள்ள இரண்டு ஓய்விடங்களில் வழக்கமாக மே மாதத்தில்தான் தண்ணீர் திறப்பார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தக் குழாய்களுக்கு நீர் வருவது கேன்யனைக் குறுக்கே கடக்கும் ஒரு பழைய குழாய்வழியில் இருந்து. 1960-களில் போட்டது, 2010-க்குப் பிறகு மட்டும் 85 தடவைக்கு மேல் உடைந்திருக்கிறது. அதை மாற்றும் பெரிய வேலை 2023-ல் தொடங்கியது. குழாய் இருக்கு என்று தெரிந்தாலும், ஃபில்டரும் குளோரினும் பையில் இருக்கட்டும்.

வடக்கு விளிம்பில் இருந்து தெற்கு வரை முழுசாகக் கடக்கலாமா? வசந்தத்தில் அந்த யோசனை வேண்டாம். வடக்கு விளிம்புச் சாலை வழக்கமாக மே மாத நடுவில்தான் திறக்கும். போதாக்குறைக்கு 2025 ஜூலையில் டிராகன் பிராவோ காட்டுத்தீ அங்கிருந்த பழமையான கிராண்ட் கேன்யன் லாட்ஜையே எரித்துவிட்டது. பழைய பிளாக் பதிவுகளில் உள்ள திட்டங்களை அப்படியே காப்பி அடிக்க முடியாத காலம் இது.

இன்ஸ்டாகிராமில் பார்த்த ஸயான் நேரோஸ்? ஆற்றுக்குள்ளேயே நடக்கும் அந்தப் பாதை அற்புதம்தான். ஆனால் வசந்தத்தில் பனி உருகி ஆறு பெருகும். நீர்வரத்து விநாடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் மூடிவிடுவார்கள். மேலிருந்து இறங்கும் முழுப் பாதைக்கு 120-லேயே அனுமதி நின்றுவிடும். மேட்டூர் அணைச் செய்திகளைப் படித்துப் பழகிய நமக்கு 150 கன அடி ஒரு எண்ணாகவே தெரியாது. சில இடங்களில் 20, 30 அடி அகலமே உள்ள பாறை இடுக்கில், உருகின பனித் தண்ணீரில், எதிர்நீச்சல் போட்டால்தான் புரியும். அது கோடை முடிவிலும் இலையுதிர் காலத்திலும் பார்க்க வேண்டிய இடம்.

நீலநிற ஹவசு அருவி ஹவசுபாய் பழங்குடியினரின் நிலம். முன்பதிவு அவர்களிடம்தான், ஒரு நாள் போய்வருவது கிடையாது, மதுவுக்கும் ட்ரோனுக்கும் தடை. இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதை நம்பி லீவு போடாதீர்கள்.

இரண்டாவது பயணத்துக்கு என்றால் யூட்டாவின் கயோட்டி கல்ச் என்பேன். ஓடையிலேயே கால் நனைய நடக்கலாம், பாறை வளைவுகளுக்குக் கீழே தங்கலாம், பக்கத்திலேயே சுனை உண்டு. ஆனால் ஹோல்-இன்-தி-ராக் என்ற மண்சாலையில் சுமார் 50 கிலோமீட்டர் குலுங்கிப் போக வேண்டும். மழை பெய்தால் அந்தச் சாலை களிமண் குழம்பாகிவிடும். வாடகை கார் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் மண்சாலைக்கு அனுமதி இருக்காது. கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். இன்னொன்று, மலத்தைப் பையில் அடைத்துத் திரும்ப எடுத்து வர வேண்டும் என்பது அங்கே கட்டாய விதி. முகம் சுளிக்காதீர்கள், பரியா கேன்யனிலும் அதே விதிதான். இந்த வறண்ட மண்ணில் அது எளிதில் மட்காது.

பெர்மிட்: நவம்பரிலேயே ஆரம்பம்

கிராண்ட் கேன்யனில் விளிம்புக்குக் கீழே ஓர் இரவு தங்கவும் அனுமதி வேண்டும். ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில், போகும் மாதத்துக்குச் சுமார் 4 மாதங்களுக்கு முன்பே குலுக்கல் நடக்கும். ஏப்ரலுக்கு என்றால் நவம்பர் இரண்டாம் பாதியில் விண்ணப்பிக்க வேண்டும். குலுக்கலில் வென்றால் கிடைப்பது பெர்மிட் அல்ல. முன்னதாக உள்ளே நுழைந்து முகாமைப் பதிவு செய்யும் ஒரு நேரம். குலுக்கல் முடிந்ததும் மிச்சம் இருப்பது எல்லோருக்கும் திறக்கப்படும். ஒரு பெர்மிட்டில் அதிகபட்சம் 11 பேர். 6 பேருக்குள் இருந்தால் இடம் கிடைப்பது எளிது. பத்து தம்ஸ்அப்பில் நிஜமாக வரப்போகிறவர்கள் நாலு பேர்தான் என்பது இங்கே வசதியாகப் போய்விடும்.

இந்தியாவில் இருந்து வருகிறவர்கள் பட்ஜெட்டில் இன்னொரு வரி சேர்க்க வேண்டும். 2026 ஜனவரி 1 முதல், கிராண்ட் கேன்யன், ஸயான் உட்பட 11 பிரபலமான தேசியப் பூங்காக்களில் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு நுழைவுக் கட்டணத்தோடு தலைக்கு 100 டாலர் கூடுதல். 250 டாலருக்கு ஆண்டு பாஸ் எடுத்தால் அந்தக் கூடுதல் தொகை கிடையாது. பல பூங்காக்களுக்குப் போவதாக இருந்தால் அதுதான் லாபம்.

ஷட்டிலை விட்டுவிட வைக்கும் ஒரு சின்ன விஷயம்: மார்ச் இரண்டாம் ஞாயிறு அமெரிக்காவின் பெரும்பகுதியில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகும். அரிசோனாவில் போகாது. ஆனால் அரிசோனாவுக்குள்ளேயே இருக்கும் நவஹோ நிலப்பகுதியில் போகும். யூட்டாவிலும் போகும். எல்லை ஓரம் போனில் நேரம் மாறி மாறிக் காட்டும். ‘அரிசோனா நேரமா, யூட்டா நேரமா’ என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பையில் என்ன இருக்கணும்?

கேஸ் கேனை ஃப்ளைட்டில் கொண்டுபோக முடியாது, ஃபீனிக்ஸிலோ லாஸ் வேகஸிலோ இறங்கி வாங்குங்கள். விளிம்புக்குக் கீழே விறகுத் தீ மூட்டத் தடை என்பதால் அடுப்பு இல்லாமல் சூடான சாப்பாடு இல்லை.

சாப்பாட்டில் முக்கியம் உப்பு. இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். ‘நிறைய தண்ணி குடி’ என்ற அறிவுரையை மட்டும் பின்பற்றி, சாப்பிடாமல் லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் அபாயகரமாகக் குறையும். தலைவலி, குமட்டல், குழப்பம் என்று பார்க்க வெப்பத் தளர்ச்சி மாதிரியே இருக்கும். பக்கத்தில் இருப்பவர் இன்னும் தண்ணீர் கொடுப்பார், நிலைமை மோசமாகும். ரேஞ்சர்கள் இப்படிப்பட்டவர்களை அடிக்கடி பார்க்கிறார்கள். எனவே குடிக்கும்போதெல்லாம் எதையாவது உப்பாகச் சாப்பிடுங்கள். முறுக்கு, உப்புக்கடலை, புளியோதரைப் பொடி, ஊறுகாய் பாக்கெட் எல்லாம் இதற்கென்றே செய்தது போல இருக்கும். ஒரு பருத்தித் துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நனைத்துக் கழுத்தில் போட்டால் அதைவிடப் பெரிய ஏசி கிடையாது.

பிளாஸ்டிக் சீப்பு ஒன்று. தலைக்கு இல்லை. சோயா என்ற கள்ளியின் முள்கட்டி உரசினாலே ஒட்டிக்கொள்ளும். கையால் எடுத்தால் கையிலும் ஏறும். சீப்பை நடுவில் கொடுத்து ஒரே சுண்டு. காலையில் ஷூவைத் தட்டிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கலாம். மண்மேல் கறுப்பாகப் பொருக்குப் பொருக்காகத் தெரிந்தால் அதில் கால் வைக்காதீர்கள். அது நுண்ணுயிர்கள் சேர்ந்து மண்ணைப் பிடித்து வைத்திருக்கும் உயிருள்ள தோல். ஒரு மிதி ஆற பல பத்தாண்டுகள் ஆகும்.

கேன்யனுக்குள் பெரும்பாலும் சிக்னல் கிடைக்காது. செயற்கைக்கோள் வழியாக எஸ்ஓஎஸ் அனுப்பும் போன் இருந்தாலும் அதற்குத் திறந்த வானம் தெரிய வேண்டும், ஆழமான இடுக்கில் அது சந்தேகம். எனவே கிளம்பும் முன் கூட வராத ஒரு நண்பருக்கு நான்கு விஷயங்களை எழுதி அனுப்புங்கள்: பெர்மிட் எண், ஒவ்வொரு இரவும் தங்கும் முகாம், கார் நிறுத்திய இடமும் நம்பரும், எந்த நாள் எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் பூங்காவின் அவசர எண்ணை அழைக்க வேண்டும் என்பது. அந்த நேரத்தை அரிசோனா நேரம் என்று குறிப்பிட்டு எழுதுங்கள்.